பாப்பம்மாவின் நான்கு பெயாரிங்குகள்

பூமி ஒரு பெயாரிங்கில் மாட்டப்பட்டுத்தான் சுற்றுகிறது. அந்தப் பெயாரிங் மாத்தளை மாவட்டத்தில், றத்தோட்டைக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில் இருக்கிறது. அதற்குக் கிறீஸ் போடுகிறவள் பாப்பம்மா. அவள் ஒரு கிழமை கை விட்டால் வில்கமுவையில் விடியாது. கலேவெலச் சந்தைக்குக் கத்தரிக்காய் வந்து சேராது. லக்கலையில் யானைகள் படுத்தது படுத்தபடி கிடக்கும். இதில் நல்லது என்றால் அது ஒன்றுதான்.

இதையெல்லாம் நம்பக் கஷ்டப்படுகிறவர்கள் பெயாரிங்கைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கொள்ளலாம். ஒரு கிறீம் பிஸ்கட் அளவு. மோட்டார் சைக்கிள் சில்லிலிருந்து கழற்றி எறிந்த சாமான். அப்படி நான்கு. அவற்றின் மேல் ஒரு பலாப் பலகை, பலகையின் மேல் போஞ்சி மூட்டைகள், மூட்டைகளுக்கு முன்னால் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, திருப்புகிற கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தபடி பாப்பம்மா.

அவளுக்கு அறுபது தாண்டிவிட்டது. கொழுந்து எடுத்தே தேய்ந்த முழங்கால்கள். ஏறும்போது அவை முணுமுணுக்கும். இறங்கும்போது வாய்விட்டு ஏசும். அதனால் அவள் இறங்குவதில்லை, உருளுகிறாள். லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஆட்கள் போட்டிருக்கிற போஞ்சி, முள்ளங்கி, கோவா எல்லாம் விடியுமுன் கீழே கடைச்சந்திக்கு வரும் மரக்கறி லொறிக்குப் போய்ச் சேர வேண்டும். பாதி வழியில் உள்ள பாலத்தைத் தாண்டினால் ரோடு கிடக்கிற கிடைக்கு ஆட்டோக்காரர் யாரும் வருவதில்லை. பாப்பம்மாவின் வண்டி ஒன்றுதான் போகும். திரும்பி வர, மேலே ஏறுகிற கொழுந்து லொறி இருக்கிறது. அதன் டிரைவர் முஸம்மில் வண்டியைப் பின்னாலும் அவளை முன்னாலும் ஏற்றிக்கொள்வார். பிரேக் என்பது லொறி டயரில் வெட்டிய ஒரு துண்டு. குதிகாலால் அழுத்தினால் வண்டி நிற்கும். நிற்காவிட்டால் தேயிலைச் செடி நிறுத்தும்.

வண்டிக்கு இருந்த ஒரே குறை சத்தம். இரும்பும் தாரும் பலகையும் சேர்ந்து போடுகிற சத்தத்தில் லயத்துக் கோழிகள் விடிந்துவிட்டதாக நினைத்துக் கூவும். லயத்தில் யாரும் அதைக் குறையாக எடுக்கவில்லை. குறையாக எடுத்தது பங்களா.

பழைய பெரியதுரை பங்களா இப்போது ஹோட்டல். பாதி வழியில், பெரிய வளைவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் மேனேஜர் றினோஸ், மாத்தளை டவுன்காரர், நல்ல மரியாதையான ஆள். ஒரு பின்னேரம் தோட்டத்து வாச்சர் அழகையாவையும் கூட்டிக்கொண்டு லயத்துக்கு ஏறி வந்தார்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. காலையில ஹோட்டல்ல ஆக்களுக்குத் தூங்க ஏலாம இருக்கு. நேத்து ஒரு வெள்ளைக்காரர் மலை சரியுதுன்னு நெனச்சு கட்டிலுக்கு அடியில பூந்துட்டார்."

"நல்லதுதானே தம்பி. இது மலை சரியிற ஊரு. இப்பவே பழகிக்கட்டும்."

"பகிடி இல்லம்மா. தோட்டத்து ஆபீஸ்ல பேசிட்டேன். இனி இந்த வண்டிச் சத்தம் ஹோட்டலுக்குக் கேட்டா அழகையா வண்டியப் புடிச்சு ஆபீஸ்ல போட்டுருவார்."

பாப்பம்மா முந்தானையை உதறிச் செருகினாள். "சத்தம் வேணாமா, வண்டி வேணாமா? ஒண்ணச் சொல்லுங்க."

"சத்தந்தான். சத்தமில்லாம ஓடினா எனக்கென்ன? தாராளமா ஓடுங்க."

"கேட்டுக்கிட்டியா அழகையா? தாராளமா ஓடலாமாம்."

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றான் அழகையா. சின்ன வயதில் பாப்பம்மாவோடு ஒரே மலையில் வேலைக்கு நின்றவன். அவள் குரல் இப்படி இறங்கினால் அடுத்து என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும். வந்த வழியே முதலில் இறங்கியவன் அவன்தான்.

செய்தி கொழும்புக்கு அன்றைக்கே போய்விட்டது. லயத்துச் செய்திக்கு பஸ் தேவையில்லை. கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிற மகன் சசிக்குமார் ஃபோன் எடுத்தான்.

"எத்தன தடவ சொல்றேம்மா? இங்க வந்துரு. மூணாவது மாடி, நல்ல காத்து. காலை நீட்டிக்கிட்டு டிவி பாத்துக்கிட்டு இருக்கலாம்."

"மூணாவது மாடியில இருந்து நான் எப்பிடிடா எறங்குறது?"

"நீ ஏம்மா எறங்கணும்?"

கெட்ட பிள்ளை இல்லை அவன். பாசத்தில்தான் கேட்டான். ஆனால் அந்தக் கேள்விக்குள், இறங்கவே தேவையில்லாத ஒரு இடத்தில் டிவிக்கு முன்னால் தன் கால்கள் நீட்டிக் கிடப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"வண்டியப் புடிச்சுட்டாங்கன்னா என்னா செய்வ? அப்பவாச்சும் வருவியா?"

"புடிக்கட்டும். புடிச்சா வர்றேன்." கோபத்தில் சொன்னதுதான். ஆனால் பாப்பம்மா கோபத்தில் சொன்னதையும் செய்கிறவள். அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

முதல் வேலையாக ஒரு பழைய லொறி டியூபை வளையம் வளையமாக வெட்டி, நான்கு பெயாரிங்குக்கும் சட்டை போடுகிற மாதிரி மேலே இறுக்கி மாட்டினாள். லயத்து முன்னால் உருட்டிப் பார்த்தாள். இரும்பும் தாரும் பேசிக்கொள்வது நின்றுவிட்டது. அந்தப் பெரிய சத்தம் போனதும் அதற்குள் இவ்வளவு காலமும் ஒளிந்திருந்த சின்னச் சத்தம் வெளியே வந்தது. கீச், கீச், கீச். உள்ளே இருக்கிற குண்டுகள் காய்ந்துபோய் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கிற சத்தம். விஞ்ஞானப் பாடத்தில் இதற்கு உராய்வு என்று ஒரு பக்கம் இருக்கிறது. மேல் டிவிசனில் அந்தப் பக்கத்தை யாரும் முழுதாகப் படித்ததாகத் தகவல் இல்லை.

காய்ந்தால் எண்ணெய் போட வேண்டும். இந்த மலையில் எண்ணெய் என்றால் தேங்காயெண்ணெய். தலைக்கு அது, சட்டிக்கு அது, சாமி விளக்குக்கு அது, பூட்டுக்கும் சுளுக்குக்கும் அதேதான். பாப்பம்மா வண்டியைக் குப்புறப் போட்டு, நான்குக்கும் தாராளமாக ஊற்றினாள். நல்ல வெயில். விரலால் தட்டிவிட்டால் பெயாரிங் சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே நின்றது.

பக்கத்துக் காம்பரா வீட்டு ஹம்சிகா எட்டிப் பார்த்தாள். ஓ.எல். பரீட்சைப் பெறுபேறு வந்த நாளிலிருந்து பள்ளிக்கூடம் என்ற சொல்லையே வாயில் எடுக்காதவள். லயத்து ஆட்டுக்கு மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டு, புது டீச்சர் வந்திருக்கிறார் என்று வீடு வீடாகச் சொன்னவள்.

"அத்தே, கமகமன்னு வாசம் வருது. வண்டி ஓட்டப் போறீங்களா, வடை சுடப் போறீங்களா?"

"வாயில ஊத்துனேன்னா நீயும் சத்தமில்லாம ஓடுவ. போடி."

தை மாதத்து விடியல். மலையில் பனி இறங்கி, பக்கத்தில் நிற்கிறவன் முகம் தெரியாத நேரம். மூட்டைகளை ஏற்றி, கயிற்றைப் பிடித்து, காலால் உந்தினாள். வண்டி அசையவில்லை. இன்னொரு முறை உந்தினாள். பிடிவாதக் கழுதை மாதிரி நின்றது. ஹம்சிகாவும் அவள் அம்மாவும் வந்து பின்னால் இருந்து தள்ள, ஒரு மாதிரி முனகிக்கொண்டு புறப்பட்டது. சரிவில் வேகம் பிடித்தது. சத்தம் இல்லை. பாப்பம்மாவுக்கு உதட்டோரம் சிரிப்பு வந்தது. ஆனால் பாதி வழியில் சூடேறிய எண்ணெய் உருகிச் சொட்டுச் சொட்டாக ரோட்டிலேயே போய்விட்டது. சரியாகப் பெரிய வளைவில், ஹோட்டல் ஜன்னல்களுக்கு நேர் கீழே, நான்கு பெயாரிங்கும் காட்டுப்பன்றியைக் கண்ணியில் பிடித்த மாதிரி ஒரே குரலில் அலறின.

அழகையா டோர்ச் லைட்டோடு அங்கேயே நின்றான்.

"எறங்கு பாப்பம்மா. எனக்கு இது உத்தியோகம்."

"நான் எறங்குறதா? தூக்கு. மூட்டையோட தூக்கு, போஞ்சியோட தூக்கு, என்னையும் சேத்துத் தூக்கு. கொண்டுபோயி ஆபீஸ் மேசையில வை. நானும் ஆபீஸ் பாத்து எவ்வளவு காலம்!"

அழகையா குனிந்து பலகையின் ஒரு மூலையைப் பிடித்தான். இரண்டு விரற்கடை தூக்கினான். "அம்மாடி" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டான்.

"தேங்காயெண்ணெ வேணுமா? சுளுக்குக்கு நல்லது" என்றாள் பாப்பம்மா.

றினோஸ் கட்டின சாரத்தோடு ஓடி வந்தார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அம்மா, இன்னைக்கு ஹோட்டல்ல யாரும் இல்ல, அதனால விடுறேன். இன்னைக்குப் பின்னேரம் ஒரு கூட்டம் வருது. நாளைக்குக் காலையில ஒரு கீச்சு, ஒரே ஒரு கீச்சு கேட்டா, லொறி கொண்டுவந்து தூக்குவேன். அப்ப நீங்க மேல உக்காந்திருந்தாலும் சரி."

"உக்காந்துதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டு, அலறுகிற வண்டியிலேயே அவள் கீழே போனாள். சும்மா போகவில்லை. தலையை நிமிர்த்திக்கொண்டு, அந்த அலறல் தனக்கு ஊதப்படுகிற நாதஸ்வரம் என்கிற மாதிரி போனாள்.

ஆனால் வளைவு தாண்டிய பிறகு தலை தொங்கிவிட்டது. கொழுந்து லொறியில் ஏறி வரும்போது, முஸம்மிலோடு வழக்கமாகப் போடுகிற சண்டையை விட்டுவிட்டு, ஹோட்டல்காரர் சொன்னதைச் சொல்லிக்கொண்டு வந்தாள். மூன்றாவது மாடி கண்ணுக்குள்ளேயே நின்றது.

வீட்டுக்கு வந்து, முழங்காலுக்குத் தேய்க்க எண்ணெய்ப் போத்தலை எடுத்தாள். எண்ணெய் வெள்ளையாக உறைந்திருந்தது. தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒரு சொட்டுக்கூட விழவில்லை. குளிர் காலத்தில் ஒவ்வொரு நாளும் போத்தலை அடுப்பு ஓரத்தில் வைத்து இளக்கித்தான் தலைக்கு வைக்கிறாள். இந்த மலையில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். தலைக்கு உறைகிற எண்ணெய் பெயாரிங்குக்கும் உறையும் என்பதுதான் தோன்றவில்லை.

"நீதானா?" என்று போத்தலைக் கேட்டாள். "என் வீட்டுலயே இருந்துக்கிட்டு, என் அடுப்புலயே குளிர் காஞ்சுக்கிட்டு, ஹோட்டல்காரன் பக்கம் பேசுறியா?"

போத்தலை அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டுத் திரும்பவும் லொறியடிக்குப் போனாள். முஸம்மில் சீட்டுக்கு அடியில் ஒரு டின் கிறீஸ் வைத்திருப்பது அவளுக்குத் தெரியும்.

"ஒரு உருண்ட குடுங்க முஸம்மில் தம்பி."

"ஒரு உருண்ட என்னாக்கா, டின்ன வச்சுக்கங்க. ஆனா அந்த வண்டி நின்னுட்டா நான் யாரோட சண்ட போட்டுக்கிட்டு மேல ஏறுறது? அதையும் யோசிங்க."

டின்னை வாங்கும்போது லொறியின் அடியைக் குனிந்து பார்த்தாள். கிறீஸ் அள்ளி அப்பிய இடமெல்லாம் ரோட்டு மண் ஒட்டி, கறுப்புக் கட்டியாகத் தொங்கியது. இவ்வளவு பெரிய லொறிக்கு அது எறும்பு கடித்த மாதிரி. தன் பிஸ்கட்டுக்குள் அப்படி மண் ஏறினால் அம்மிக் கல்லாக அரைத்துவிடும். ஆக, உள்ளே இருக்க வேண்டும், வெளியே தெரியக் கூடாது.

அன்றைய பகல் முழுதும் வாசல் இஸ்தோப்பில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தாள். பெயாரிங்குகளைக் கழற்றி, பழைய பால்மாத் தகரப் பேணியில் மண்ணெண்ணெய் விட்டு ஊறப் போட்டாள். வெள்ளைப் பிசினும் கறுப்பு அழுக்குமாகக் கழன்று மிதந்தன. மண்ணெண்ணெயை மாற்றினாள். திரும்ப மாற்றினாள். பிறகு பழைய சேலைத் துண்டில் வெயிலில் பரப்பினாள். சும்மா காய்கிறபோது சுற்றிவிட்டு விளையாட வந்த ஹம்சிகாவின் கையில் ஒரு அடி விழுந்தது.

"காஞ்சு கெடக்கயில சுத்தாத. குண்டு தேயும்."

காய்ந்த பிறகு பெருவிரலில் கிறீஸை எடுத்து, ஒரு பக்கத்திலிருந்து குண்டுகளுக்கு நடுவில் அழுத்தினாள். இடியப்ப உரலில் மா வருகிற மாதிரி மறுபக்கத்தில் எட்டிப் பார்க்கும்வரை அழுத்தினாள். மெதுவாகச் சுற்றினாள். வழிந்ததை லேஞ்சித் துணியால் துடைத்தெடுத்தாள். ஒவ்வொன்றையும் காதோடு வைத்துக் கேட்டாள். மூன்று ஊமையாக இருந்தன. நான்காவது, சுற்றுக்கு ஒரு தடவை, டிக் என்றது. கேட்கவே கேட்காத டிக். வேறு யாராக இருந்தாலும் போதும் என்று மாட்டியிருப்பார்கள். பாப்பம்மா அதைத் திரும்பவும் பேணிக்குள் போட்டாள். கழுவி எடுத்துப் பார்த்தால், அடியில் ஒரு மணல். கடுகைவிடச் சின்னது.

"இந்தா பாரு" என்று அதை விரல் நுனியில் தூக்கிக் காட்டினாள். "இவரு ஒருத்தர் போதும், என்னைய மூணாவது மாடிக்கு ஏத்த."

பழைய ரப்பர் செருப்பை வட்டம் வட்டமாக வெட்டி, பெயாரிங்குக்கு இரண்டு பக்கமும் மூடியாக வைத்து, அச்சில் ஏற்றி இறுக்கினாள். இனி மண் உள்ளே போக வேண்டுமானால் அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும்.

மறுநாள் அதே குளிர், அதே பனி. காலால் ஒரு உந்து உந்தினாள். வண்டி புறப்பட்டதே அவளுக்குத் தெரியவில்லை. லயத்து விளக்குகள் பின்னால் போவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

இத்தனை காலம் இந்த ரோட்டில் தன் வண்டியைத் தவிர வேறெதையும் அவள் கேட்டதில்லை. இப்போது பீலியில் தண்ணீர் விழுவது கேட்டது. முள்ளங்கி இலைகள் மூட்டைக்குள் உரசுவது கேட்டது. எங்கேயோ ஒரு குழந்தை அழுது, ஒரு தாய் "இந்தா வந்துட்டேன்" என்றது, காதுக்குள் சொன்ன மாதிரி கேட்டது. பாப்பம்மாவுக்குக் கண் கரித்தது. காற்றால்தான்.

வளைவில் றினோஸ் நின்றார். சத்தம் கேட்கிறதா என்று பிடிக்கத்தான் நின்றார். நடு ரோட்டில், காதை மேட்டுப் பக்கம் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு. பக்கத்தில் அழகையா, இடுப்பில் துவாயைக் கட்டிக்கொண்டு. ஹோட்டல் பல்கனியில் நேற்று வந்த கூட்டத்தில் இரண்டு பேர் கோப்பியோடு.

"தம்பி, வெலகு!"

றினோஸ் கண்ணைத் திறந்தபோது பனிக்குள்ளிருந்து மூட்டைகளும் ஒரு மனுசியும் அந்தரத்தில் மிதந்து வருவதைக் கண்டார். துள்ளினார். தேயிலைச் செடிக்குள் தலை முதலில் போனது, செருப்பு ரோட்டிலேயே நின்றது. பாப்பம்மா டயர்த் துண்டைக் குதிகாலால் நசுக்கி, ரப்பர் புகைய வண்டியை நிறுத்தினாள். மேலே பல்கனியில் கை தட்டினார்கள்.

"அம்மா!" தேயிலைக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஒரு சத்தம் போட்டு வரக் கூடாதா!"

"என்னா சொன்னீங்க?"

"சத்தம்! ஒரு சத்தம் போட்டு வரக் கூடாதான்னு கேக்குறேன்!"

பாப்பம்மா மெதுவாகத் திரும்பினாள். "அழகையா, சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"யாரு சத்தம்? வண்டிச் சத்தமா?"

அழகையா யோசித்தான். உத்தியோகத்தில் பொய் சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை. "இல்ல. மேனேஜர் ஐயா சத்தந்தான் கேட்டுச்சு."

"அப்ப அவரப் புடிச்சு ஆபீஸ்ல போடு."

றினோஸ் தலைமுடியில் கொழுந்தோடு எழுந்து வந்தார். கோபப்படத்தான் பார்த்தார். பல்கனியில் சிரிப்புச் சத்தம் கேட்டதால் அது சரியாக வரவில்லை. "சரிம்மா, வண்டி ஓடட்டும். ஒரு மணியாவது கட்டுங்க. யாராவது அடிபட்டா என்ன செய்யிறது?"

"மணிய மாட்டுக்குக் கட்டுங்க. சத்தம் போட்டாலும் குத்தம், போடாட்டியும் குத்தம்னா, குத்தம் என் வண்டியில இல்ல தம்பி. சத்தமில்லாம ஓடினா தாராளமா ஓடலாம்னு சொன்னது நீங்க. நான் ஓடுறேன்." குதிகாலை எடுத்தாள். வண்டி ஒரு வார்த்தையும் பேசாமல் பனிக்குள் போனது.

அன்றைக்கு மகன் ஃபோன் எடுத்தான். "என்னாம்மா, வண்டியப் புடிச்சாங்களா?"

"புடிக்க வந்தவரு தேயிலைக்குள்ள பூந்துட்டாரு. நீ டிவியப் பாரு, நான் எறங்கணும்."

ஆனாலும் அந்த ஒரு கேள்வி, யாராவது அடிபட்டால் என்ன செய்வது என்பது, அவளுக்குள் மணலாக உறுத்தியது. வளைவில் குதிகாலை அழுத்திக்கொண்டு போனாள். மணி மட்டும் கட்டவில்லை. கட்டினால் றினோஸ் வென்றதாகிவிடும்.

அடுத்த நாளிலிருந்து வளைவுக்கு மேலே உள்ள கொய்யா மரத்துப் பக்கம் ஒரு குருவி வரத் தொடங்கியது. பாப்பம்மாவின் வண்டி வருவதற்குச் சற்று முன், நீளமாக ஒரு விசில், பிறகு குட்டையாக இரண்டு. அதைக் கேட்டால் ரோட்டில் நிற்கிறவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். றினோஸ் ஒதுங்குகிறதில் முதலாவது ஆள். ஹோட்டல் விருந்தாளிகள் தூரக்கண்ணாடியோடு பல்கனியில் உட்கார்ந்து அதைத் தேடுகிறார்கள். இதுவரை யாரும் கண்டதில்லை. மிகவும் கூச்சப்படுகிற இனம். மழை நாளிலும் தவறாமல் வருகிற மலைக்குருவி.

இவ்வளவையும் ஃபோனில் எழுதி முடித்து, ஹம்சிகா இஸ்தோப்பில் உட்கார்ந்து பாப்பம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். பாப்பம்மா ஒரு பெயாரிங்கைக் காதில் வைத்துச் சுற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் அதை மடியில் வைத்தாள்.

"எல்லாஞ் சரி. கடைசியில ஒரு குருவி வருதே."

"ஆமா அத்தே. மலைக்குருவி."

"நேத்து மழையில அது விசில் அடிச்சுச்சு. ரெண்டாவது விசிலுக்கு நடுவுல இருமிச்சு."

ஹம்சிகா ஃபோனைப் பார்த்தாள். பாப்பம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து குசினிக்குள் போனாள். ஆவி பறக்கிற கொத்தமல்லித் தண்ணியோடு வந்து, கோப்பையை அவள் பக்கத்தில் வைத்தாள்.

"ஆறிப் போறதுக்குள்ள அந்தக் குருவியக் குடிக்கச் சொல்லு. நாளைக்கு மூட்டை கூடுதல், விசில் வேணும்."